உடுக்கை இடைக்கு எது வழி: கார்செட்டா, உடற்பயிற்சியா?

இடை சிறுக்க வேண்டும், உடுக்கை போன்ற உடல்வாகு வேண்டும். அதற்குக் கார்செட் வாங்கிக் கட்டிக்கொள்வதா, உடற்பயிற்சியில் இறங்குவதா? இப்படிக் கேட்கும் வாசகிகளில் பலர் கேள்வியிலேயே பாதி விடையையும் எழுதிவிடுகிறார்கள். "உடற்பயிற்சிதான் நல்லது என்று தெரியும், ஆனாலும்…" என்று இழுக்கிறார்கள். அந்த 'ஆனாலும்' நியாயமானதுதான். கார்செட்டைக் கட்டிய ஐந்தாவது நிமிடமே கண்ணாடியில் வேறு உருவம் தெரிகிறது. உடற்பயிற்சியோ இரண்டு மாதம் உழைத்த பிறகும் கண்ணாடியில் எதையும் காட்டாமல் இருக்கக்கூடும். ஆகவே எது உத்தமம் என்று உபதேசம் செய்வதை விட்டுவிட்டு, எது எதைத் தரும், எதைத் தராது, பதிலுக்கு என்ன கேட்கும் என்று பார்க்கலாம்.

கார்செட் என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. அழுத்தமான துணியில் எஃகுப் பட்டைகள் வைத்துத் தைத்து, முதுகுப்பக்கம் நாடாவால் இறுக்குவது அசல் கார்செட். ரப்பர் போன்ற லேடெக்ஸ் துணியில் முன்பக்கம் கொக்கி வரிசையோடு வருவது 'வெயிஸ்ட் டிரெய்னர்'. சமூக ஊடகங்களில் பிரபலங்கள் அணிந்து படம் போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இரண்டின் குணமும் வேறு என்பதால் தனித்தனியாகவே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

உடுக்கை உடல்வாகு என்பது இடையின் அளவு மட்டும் அல்ல. மேலே மார்பும் தோளும், நடுவில் இடை, கீழே இடுப்பின் அகன்ற பகுதி என மூன்று அளவுகளுக்கு இடையே உள்ள விகிதம் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ஒப்பீடு சரியாக வரும். பேச்சுக்கு ஒருவரின் இடை 78 செ.மீ., இடுப்பின் அகன்ற பகுதி 96 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடையை இடுப்பால் வகுத்தால் 0.81. கார்செட்டால் இடையை 70-க்கு இறுக்கினால் 0.73. கார்செட் இல்லாமல், கொழுப்புக் குறைந்து இடை 74-க்கு வந்து, புட்டத் தசை வளர்ந்து இடுப்பு 99 ஆனால் 0.75. கார்செட் குறைத்ததில் பாதிதான் இடையில் குறைந்திருக்கிறது. விகிதமோ ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிட்டது. கார்செட் நடு எண்ணை மட்டும் அசைக்கிறது. உடற்பயிற்சிக்கு மூன்று எண்களிலும் கை இருக்கிறது. ஆனால் எந்த எண் எவ்வளவு அசையும் என்பது முழுக்க நம் கையில் இல்லை.

ஆகவே முதல் அளவுகோல், எந்த எண் மாறுகிறது என்பது. இரண்டாவது, கழற்றிய பிறகு அல்லது நிறுத்திய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது. என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய அளவுகோல் இதுதான். மற்றபடி எத்தனை நாளில் பலன் தெரியும், உடம்பு என்ன விலை கொடுக்கிறது, பணமும் நேரமும் எவ்வளவு என்பவை எல்லோரும் பார்ப்பவைதான். ஆனால் அவற்றில் மறைந்திருக்கும் செலவுகளை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அளக்கும் முறையும் முக்கியம். காலையில், வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்து எடுத்த அளவு மனத்திருப்திக்கு மட்டுமே உதவும்.

## எலும்பு போட்ட கோடு

எந்த வழியில் போனாலும் ஓர் எல்லை உண்டு. விலாக்கூட்டின் அகலம், இடுப்பெலும்பின் அகலம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் பிறப்போடு வந்தவை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றால், உள்ளே வளைவதற்கு உடம்பில் இடமே குறைவு. அப்படிப்பட்டவருக்குக் கார்செட்டும் விலாவில் இடிக்கும், எத்தனை கிலோ குறைந்தாலும் வளைவு மெலிதாகவே தெரியும்.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவில், மணற்கடிகார வடிவம், அதாவது நம் உடுக்கை வடிவம் கொண்டவர்கள் சுமார் 8 சதவீதம்தான். ஏறத்தாழ 46 சதவீதம் பேர் நேரான, செவ்வக உடல்வாகு கொண்டவர்கள். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருப்பதைப் பொது அளவாக வைத்துத்தான் உடைகளும் விளம்பரங்களும் நம்மிடம் பேசிக்கொண்டிருக்கின்றன.

## எஃகுப் பட்டை வைத்த கார்செட்

முதலில் அணிகிற விதத்தைப் பாருங்கள். பின்பக்க நாடாவை நன்றாகத் தளர்த்திய பிறகுதான் முன்பக்கக் கொக்கிகளை மாட்ட வேண்டும். நாடா இறுக்கமாக இருக்கும்போது மாட்டினால் கொக்கிப் பட்டையே வளைந்துவிடும். பிறகு முதுகின் நடுவில், இடைக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நாடா வளையங்களைக் கைகளைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்து, மேலிருந்து நடுவுக்கும் கீழிருந்து நடுவுக்கும் தளர்வை வாங்கி இழுக்க வேண்டும். புதிதாக வாங்கியதை முதல் நாளே முழுவதும் இறுக்கக் கூடாது. லேசான இறுக்கத்தில் ஓரிரு மணி நேரம் எனச் சில வாரம் அணிந்து, துணியும் பட்டையும் உடம்பின் வளைவுக்குப் பழகிய பிறகே இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். கட்டிய பிறகு குனிய முடியாது. கீழே விழுந்த பேனாவை எடுக்க முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கித்தான் இறங்க வேண்டும். காலணியைக் கார்செட்டுக்கு முன்பே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்ளே நடப்பது என்ன? கொழுப்பு அழுத்தத்தால் கரைவதில்லை. பாதி ஊதிய பலூனை நடுவில் பிடித்தால் காற்று மேலும் கீழும் ஒதுங்குவதுபோல, வயிற்றின் மென்மையான பகுதிகள் மேலும் கீழும் நகர்கின்றன. விலா எலும்புகளில் கீழே உள்ள 11-ஆம், 12-ஆம் இணைகள் முன்பக்கம் எதனோடும் இணையாமல் இருப்பவை. அவை உள்நோக்கி வளைந்துகொடுக்கின்றன. 1908-லேயே லுடோவிக் ஓஃபாலோவெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கார்செட் அணிந்த பெண்களை எக்ஸ்ரே எடுத்து, விலா எலும்புகள் எப்படி நெருங்குகின்றன என்று காட்டியிருக்கிறார். கழற்றியதும் எல்லாம் மெல்ல இருந்த இடத்துக்குத் திரும்புகின்றன. சில மணி நேரத்துக்கு இடை சற்று ஒடுங்கியே தெரியும். அந்த ஒடுக்கத்தைத்தான் பலர் நிரந்தரப் பலன் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் அணிந்தால்? அதற்கும் ஓர் உச்ச உதாரணம் இருக்கிறது. வாழ்பவர்களிலேயே மிகச் சிறிய இடைக்கான கின்னஸ் சாதனையைப் பெற்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தி ஜங். இரவும் பகலும் கார்செட் அணிந்து பல ஆண்டுகள் பழகியவர் அவர். கார்செட்டோடு அவருடைய இடை 38.1 செ.மீ.; கார்செட் இல்லாமல் 53.34 செ.மீ. அத்தனை ஆண்டு முயற்சியிலேயே 15 செ.மீ. திரும்பி வந்துவிடுகிறது என்றால், மாலை வேளைகளில் மட்டும் அணிகிறவர் எதை எதிர்பார்க்கலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

"கார்செட் அணிந்து எடை குறைந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இரைப்பை அழுத்தப்படுவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. குறைவாகச் சாப்பிட்டதால் எடை குறைந்தது. கழற்றிய பிறகு பசி பழைய அளவுக்கு வந்தால் எடையும் கூடவே வரும்.

உடம்பு கொடுக்கும் விலையைத்தான் கடைக்காரர் சொல்வதில்லை. கீழ் விலா விரிய முடியாததால் மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சிலருக்குத் தலைசுற்றல் வரும். இரைப்பையில் உள்ள அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் உண்டாகும்; ஏற்கெனவே அந்தத் தொந்தரவு இருப்பவர்களுக்கு இது நேரடி அழைப்பு. இடுப்பெலும்பின் முன்விளிம்பை ஒட்டிப் போகும் தோல் நரம்பு அழுந்தினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும் அல்லது எரியும். அழுத்தம் கீழ்நோக்கிப் போவதால் இடுப்புத்தளத் தசைகளுக்கும் சுமை கூடுகிறது; இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பிரச்சினை உள்ளவர்கள் கார்செட் பக்கமே போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. பிரசவத்துக்குப் பிறகு மருத்துவர் தரும் வயிற்றுப் பட்டை ஆதரவுக்கானது. அதையும் இதையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

கார்செட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் எல்லாமே உண்மை என்றும் இல்லை. "அணிந்தால் வயிற்றுத் தசை செத்துப்போகும்" என்பது அடிக்கடி காதில் விழும். முதுகுவலிக்காக அணியும் இடுப்புப் பட்டைகளை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தசை தளர்வதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றே சொன்னார்கள். ஆனால் அவை அழகுக்காக 10 செ.மீ. இறுக்குகிற பட்டைகள் அல்ல. எப்போதாவது சில மணி நேரம் அணிவதால் தசை தளர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாள் முழுதும் இறுக்கிக்கொண்டு இருப்பதற்கு இதை அனுமதிச் சீட்டாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணக்கணக்கில், கார்செட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. வியர்வை படாமல் உள்ளே அணியும் பருத்தி உள்ளாடை வேண்டும். வாஷிங் மெஷினில் போட முடியாது. ஒரு நாள் அணிந்தால் மறுநாள் காற்றாட விட வேண்டும் என்பதால், அடிக்கடி அணிபவர் இரண்டாவது ஒன்றை வாங்குவார். பின்பக்க நாடா இடைவெளி முழுவதும் மூடிக்கொண்டால் அடுத்த சிறிய அளவை வாங்க வேண்டும். மெல்லிய உடைக்குள் பட்டைகளின் கோடு தெரிவதால் உடைகளையும் மாற்ற வேண்டிவரும்.

## லேடெக்ஸ் வெயிஸ்ட் டிரெய்னர்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. விலை குறைவு, கொக்கி மாட்டினால் வேலை முடிந்தது என்பவை மட்டுமே இதன் சாதகங்கள். வளைவைத் தாங்கிப் பிடிக்க உறுதியான பட்டைகள் இல்லாததால் இடையில் மட்டும் இறுக்காமல் விலாவிலிருந்து இடுப்பு வரை ஒரே குழாயாக அழுத்துகிறது. உட்கார்ந்தால் விளிம்பு சுருண்டுகொள்கிறது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது நேரடியான ஆபத்து. ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் அடைபட்ட வியர்வையால் வேர்க்குருவும் தடிப்பும் வரும். அணிந்துகொண்டு ஓடினால் அதிகக் கொழுப்புக் கரையும் என்ற விளம்பரம் அப்பட்டமான ஏமாற்று. வெளியேறுவது தண்ணீர், இரண்டு டம்ளர் நீர் அருந்தினால் திரும்பிவிடும். அதைவிட மோசம், ஆழமாக மூச்சு வாங்க வேண்டிய நேரத்தில் மார்பைக் கட்டிப்போடுவது. ஒரு நாள் நிகழ்ச்சிக்குக்கூட இதைவிட எஃகுப் பட்டை கார்செட்டோ, நன்றாக வெட்டித் தைத்த உடையோ மேல்.

## உடற்பயிற்சி

உடற்பயிற்சியின் பெயரிலும் பொய்கள் விற்பனையாகின்றன. "இந்த ஐந்து பயிற்சி செய்தால் இடுப்பு மடிப்பு கரையும்" என்பது அதில் தலையாயது. தசைக்கு வேலை கொடுத்த இடத்திலேயே கொழுப்புக் கரையாது. 1971-ல் வெளியான ஓர் ஆய்வில் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மட்டை பிடித்த கை பருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் ஒன்றுபோலவே இருந்தது. வயிற்றுக்கும் அதே விதிதான். தினமும் நூறு முறை படுத்தெழுந்தால் வயிற்றுத் தசை வலுக்கும். அதன் மேலே உள்ள கொழுப்பு, உடம்பு முழுவதும் குறையும்போது தன் முறை வந்தால்தான் குறையும். எங்கிருந்து முதலில் குறையும் என்பதை மரபணுவும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன.

இங்கேதான் உடுக்கை வடிவம் தேடுபவருக்கு ஒரு சங்கடம் வருகிறது. எடை குறையும்போது இடை மட்டும் குறைவதில்லை. மார்பும் சிறுக்கலாம், இடுப்பும் சிறுக்கலாம். மூன்று எண்ணும் சேர்ந்து குறைந்தால் உருவம் சிறிதாகும், வடிவம் மாறாது. "பத்துக் கிலோ குறைந்தும் வளைவு வரவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். வேக நடையும் ஓட்டமும் மட்டும் போதாது. எடை தூக்கும் பயிற்சி வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மேலே தோளின் வெளிப்புறத் தசையும் முதுகின் அகன்ற தசையும், கீழே புட்டத் தசையும் வளர்ந்தால், இடை ஒரு செ.மீ. குறையாவிட்டாலும் கண்ணுக்கு ஒடுங்கித் தெரியும். இதற்கு, பெஞ்சில் முதுகைச் சாய்த்து இடுப்பை மேலே தூக்கும் ஹிப் திரஸ்ட், உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச் ஆகியவை கீழுடலுக்கு. தலைக்கு மேலுள்ள கம்பியைக் கீழே இழுக்கும் புல்-டவுன், துடுப்புப் போடுவதுபோல் எடையை இழுக்கும் ரோயிங், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸ் ஆகியவை மேலுடலுக்கு. இவற்றில் ஹிப் திரஸ்ட் பெரும்பாலோர் தவறாகச் செய்வது. தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதி பெஞ்சின் விளிம்பில் பதிய வேண்டும். எடைக்கம்பி தொடையும் வயிறும் சேரும் மடிப்பில், அடியில் தடித்த பஞ்சுறையோடு இருக்க வேண்டும். மேலே போனதும் கீழ்க்கால்கள் செங்குத்தாக நிற்கிற தூரத்தில் பாதங்களை வைக்க வேண்டும். உச்சியில் புட்டத்தை இறுக்கி ஒரு நொடி நிறுத்த வேண்டும். அந்த நொடியில் கீழ்முதுகு வளைந்து வலித்தால் எடை அதிகம் என்று பொருள். பின்தொடையில் பிடிப்பு வந்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது.

கையில் எடையைப் பிடித்துப் பக்கவாட்டில் சாயும் பயிற்சியை மட்டும் இடை சிறுக்கும் என்ற நம்பிக்கையில் செய்யாதீர்கள். அது வளர்ப்பது இடையின் பக்கத் தசையைத்தான். வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சியும், முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க்கும் வயிற்றைச் சுற்றிப் பட்டைபோல் ஓடும் உள்தசைக்கு வேலை கொடுக்கின்றன. வயிறு தள்ளாமல் நிற்க இவை உதவும், கொழுப்பைக் குறைக்க அல்ல.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் சொல்கிறது. வடிவம் மாற வேண்டும் என்றால் எடைப் பயிற்சியை மூன்று நாளாக்கி, வாரங்கள் போகப் போக எடையைக் கூட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால். கண்ணுக்குத் தெரியும் தசை வளர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதமாவது ஆகும். சாப்பாட்டில் புரதம் குறைவாக இருந்தால் அதுவும் நடக்காது.

இதற்கு இன்னொரு பலன் உண்டு. அது கண்ணாடியில் தெரியாது. உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, தராசில் எடை பெரிதாக மாறாதபோதும் உடற்பயிற்சியால் குறைகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கொழுப்பு அது. பெண்களுக்கு இடைச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் சொல்வது அந்தக் கொழுப்பை வைத்துத்தான். கார்செட்டால் 79-க்கு இறுக்கினாலும் அது உள்ளேயேதான் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதற்கும் உண்டு. ஜிம் கட்டணத்தைவிடப் பெரிது நேரம்: போய்வரும் பயணம், குளியல், களைப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரப் பயிற்சி இரண்டு மணி நேரத்தை விழுங்கும். பசி கூடும், கவனிக்காவிட்டால் பயிற்சியில் செலவழித்தது சாப்பாட்டில் திரும்பிவிடும். இடுப்பு வளர்ந்தால் பழைய கால்சட்டைகள் ஏறாது. தவறான முறையில் அதிக எடை தூக்கினால் முதுகோ முழங்காலோ பிடித்துக்கொள்ளும், ஆகவே முதல் சில மாதமாவது நல்ல பயிற்சியாளர் தேவை. நிறுத்தினால் இதுவும் கரையும். ஆனால் கார்செட்டைப் போல அன்று மாலையே அல்ல. மாதக்கணக்கில் மெல்லக் கரையும், மீண்டும் தொடங்கினால் முதல் முறையைவிட விரைவாகத் திரும்பும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | எஃகுப் பட்டை கார்செட் | லேடெக்ஸ் டிரெய்னர் | உடற்பயிற்சி |
|---|---|---|---|
| எந்த அளவு மாறும் | இடை மட்டும் | இடை, கொஞ்சம் | மூன்றும். எது எவ்வளவு என்பது உடம்பைப் பொறுத்தது |
| பலன் தெரிய | சில நிமிடம் | சில நிமிடம் | இரண்டு மூன்று மாதம் |
| கழற்றினால், நிறுத்தினால் | சில மணி நேரத்தில் பழைய நிலை | உடனே பழைய நிலை | மாதக்கணக்கில் மெல்லக் குறையும் |
| உடம்புக்கு | மூச்சு, நெஞ்செரிச்சல், நரம்பு அழுத்தம் | அவற்றோடு தோல் தொந்தரவு | முறை தவறினால் மூட்டு, முதுகு வலி |
| மறைந்த செலவு | உள்ளாடை, இரண்டாவது கார்செட், உடை மாற்றம் | அடிக்கடி புதிது வாங்குதல் | நேரம், பயிற்சியாளர், பசி |
| உள்கொழுப்பு | மாறாது | மாறாது | குறையும் |

## யாருக்கு எது?

நிகழ்ச்சி மூன்று வாரத்தில் வருகிறது, ஒரு மாலை மட்டும் அந்த உடையில் அப்படித் தெரிய வேண்டும் என்றால் உடற்பயிற்சி உங்களுக்கு உதவாது. நல்ல அளவில் வாங்கிய கார்செட் உதவும். மேடை ஏறுபவர்கள், படப்பிடிப்புக்கு நிற்பவர்கள், அந்த உடையின் அழகுக்காகவே அதை விரும்புபவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். எலும்பமைப்பு முற்றிலும் நேராக இருந்து, பயிற்சி தரும் வளைவு போதவில்லை என்று நினைப்பவரும் எப்போதாவது அணியலாம். இவர்கள் எல்லோரும் கார்செட்டை உடையாக வாங்குகிறார்கள். உடையாக அது வாக்குத் தவறுவதில்லை. வலித்தாலோ, மரத்தாலோ, மூச்சு முட்டினாலோ அந்தக் கணமே தளர்த்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உடை இல்லாமலும், சாதாரண உடையிலும், அடுத்த ஆண்டும் அந்த வடிவம் வேண்டும் என்பவருக்கு உடற்பயிற்சியைத் தவிர வேறு வழி இல்லை. வயிற்றுப் பகுதி எடைதான் கவலை என்றாலும் அதுவே.

இரண்டுமே பொருந்தாத ஒரு கூட்டமும் உண்டு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கொழுப்பு இடுப்பைவிட்டு வயிற்றுக்கு இடம் மாறுகிறது; அப்போது பழைய அளவைத் துரத்துவதைவிட வலிமையைக் குறிவைப்பது மேல். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுத்தசைகள் விலகியே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிசியோதெரபிஸ்டை. சாப்பாடும் வேலையும் மாறாமல் இடை மட்டும் திடீரென்று பருத்தால் மருத்துவரிடம் போங்கள், கடைக்கு அல்ல.

இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் வரிசையைக் கவனியுங்கள். பயிற்சி முதலில், கார்செட் கடைசியில். ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு மூன்று அளவுகளும் மாறியிருக்கும். இன்று வாங்கிய கார்செட் அன்று பொருந்தாது. வாங்கும்போது இயல்பான இடை அளவைவிட ஏறத்தாழ 10 செ.மீ.க்கு மேல் சிறியதை எடுக்க வேண்டாம். அணிந்துகொண்டு பயிற்சி செய்யவும் வேண்டாம், படுக்கவும் வேண்டாம். பயிற்சி முடித்துச் சாப்பிட்ட வயிற்றோடு அவசரமாகக் கட்டவும் வேண்டாம். இரண்டு மணி நேரமாவது போகட்டும்.